ஒன்றை அழுத்தியவர்

அந்த போன் கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஓசியில் விளம்பரம் செய்து கொடுக்க எனக்கு மனசில்லை. கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டால் பாட்டுப் போடுவார்கள், பாட்டு முடிந்தால் மறுபடி அதே பாட்டைப் போடுவார்கள். இது போதும், யாருக்கும் விளங்கிவிடும். நான் கோபக்காரி. சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் பில் செக்‌ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். ஆர்டர் கொடுத்துவிட்டுப் பணம் தராமல் இழுத்தடிக்கிறவர்களிடம் கத்திக் கத்தியே என் குரல் இப்படி ஆகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் செல்வக்குமார் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் ஓரகத்தி முத்துமாரி எனக்கு நேர் எதிர். என் வீட்டுக்காரரின் அண்ணன் முத்துப்பாண்டியின் மனைவி. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பயர் ஆபீஸில் சரம் பின்னுகிறாள். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவள் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கடைக்காரர் எடையைக் குறைத்துப் போட்டால்கூட, ‘இன்னும் ரெண்டு போடுங்கண்ணே’ என்று சிரிப்பாளே தவிர சண்டைக்குப் போகமாட்டாள். இவளெல்லாம் எப்படிப் பிழைக்கப்போகிறாள் என்று நான் எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஒரு போன் கம்பெனியோடு மல்லுக்கு நின்றாள். நின்ற விதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

விவகாரம் இதுதான். முத்துப்பாண்டி சவுதிக்குக் கட்டட வேலைக்குப் போனவர். போன இடத்தில் காண்டிராக்டர் ஆளே காணாமல் போய்விட்டான். வேலை அட்டையைப் புதுப்பித்துக் கொடுக்க ஆளில்லை. அட்டை செத்தால் அந்த ஊர் சிம்மும் செத்துவிடுமாம். ஊருக்குத் திரும்பலாம் என்றால் அதற்கும் காகிதம் இல்லை. கடைசியில் எம்பசியில் மனுக் கொடுத்தார். பேப்பர் தயாரானதும் கூப்பிடுகிறோம் என்று நம்பர் கேட்டார்கள். அவரிடம் உயிரோடு இருந்தது இங்கிருந்து கொண்டுபோன நம்மூர் நம்பர் ஒன்றுதான். அது ரோமிங்கில் கிடந்தது. அதையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அதை மாற்றவேண்டுமென்றால் மறுபடி நேரில் போகவேண்டும். அட்டை இல்லாத ஆள் அவ்வளவு தூரம் ரோட்டில் போனால் நடுவில் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களோ என்று பயம். வேலைக்காரர்கள் தங்குகிற கேம்பை விட்டு நகராமல் அந்த போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் மனுஷன்.

அந்த நம்பர் முத்துமாரி பெயரில் வாங்கியது. மாதம் முடிந்து பில் வருகிற கனெக்‌ஷன். அவர் கிளம்பும்போதே ஒரு வருஷத்துக்கு ரோமிங் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். வெளிநாட்டில் இருந்தாலும் வருகிற அழைப்புக்குக் காசு கிடையாது என்றார்கள். வருஷம் முடிவதற்குள் கம்பெனி கட்டணத்தை மாற்றிவிட்டது. வருகிற அழைப்புக்கும் நிமிஷக் கணக்கில் காசு. இவளும் பிள்ளையும் அவரைக் கூப்பிட்டு ஆசையாகப் பேசியதெல்லாம் பில்லாக வந்து நின்றது. ஒரு சீசன் முழுக்கச் சரம் பின்னினாலும் கட்டித் தீராத பில். கட்டாததால் அழைப்புகளை நிறுத்தினார்கள். இருபதாம் தேதிக்குள் கட்டாவிட்டால் நம்பரையே எடுத்துவிடுவோம் என்று மெசேஜ் வந்தது. எடுத்த நம்பர் வேறு யாருக்காவது போகும். எம்பசியிலிருந்து கூப்பிட்டால் எங்கேயோ ஒரு ஊரில் எவனோ ‘ராங் நம்பர்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

“கடனை உடனை வாங்கிக் கட்டித் தொலைக்கா” என்றேன்.

“இந்த மாசம் கட்டிருவேன். அடுத்த மாசம்? எம்பசியில எப்பக் கூப்புடுவாகன்னு யாருக்குத் தெரியும்? இந்த ரேட்டுல அந்த நம்பரை உசுரோட வச்சிருக்க என்னால ஆகாது. பழைய ரேட்டைப் போட்டாத்தேன் அவுக வீடு வந்து சேருவாக” என்றாள். அழவில்லை. அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள்.

முதலில் நான் அவளை விருதுநகர்ப் பக்கம் சூலக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குகிற நாள். வரிசையில் நிற்கும்போதே யாரிடம் என்ன கத்தவேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். மனுவை வாங்கியவர் முழுசும் படித்துப் பார்த்து, ‘இது கம்பெனி விவகாரம்மா. விருதுநகர்லயே அவங்க மேல்முறையீட்டு ஆபீஸ் இருக்கு, அங்க குடுங்க’ என்று பொறுமையாக வழி சொன்னார். அங்கே எனக்குக் கத்த இடமே கிடைக்கவில்லை.

கம்பெனி ஆபீஸில் மேல்முறையீட்டை விசாரிக்கிறவர் பெயர் விக்னேஷ்வரன். என் தம்பி வயசுதான் இருக்கும். கழுத்தில் அட்டை, மேஜையில் கம்ப்யூட்டர், அறையில் ஏசி. தீபாவளி சீசன் நேரத்தில் முத்துமாரி லீவு போட்டதே பெரிய விஷயம். போர்மேன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டானாம்.

“கட்டணத்தை மாத்துறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒப்புதல் கேட்டிருக்கோம்மா” என்றார் விக்னேஷ்வரன். “கனெக்‌ஷன் உங்க பேர்ல இருக்கிறதால, நீங்க இங்க பேசுற நம்பருக்குத்தான் கால் வந்திருக்கு. ஒண்ணை அழுத்தி ஒத்துக்கிட்டிருக்கீங்க. சிஸ்டத்துல பதிவாகியிருக்கு.”

“நான் ஒண்ணையும் அமுக்கலை சார்” என்றாள் முத்துமாரி.

“என்னைக்கு, எத்தனை மணிக்கு வந்துச்சாம்?” என்று நான் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். வேலை நாள். காலை பதினோரு மணி வாக்கில்.

நான் மேஜையைத் தட்டாத குறை. “சார், நீங்க வெளியூரா? பயர் ஆபீஸ் உள்ள போன் கொண்டு போக முடியாது தெரியுமா? தீப்பெட்டி, பீடி, போன் எல்லாத்தையும் கேட்டுலயே வாங்கி வச்சுருவாக. காலையில ஆப் பண்ணிக் குடுத்தா சாயங்காலம் வேலை விட்டு வரும்போதுதான் கைக்கு வரும். பதினோரு மணிக்கு இவ மருந்து ரூம் பக்கத்துல உக்காந்து சரம் பின்னிக்கிட்டு இருக்கா. ஆப்ல கெடந்த போன்ல எப்படி சார் ஒண்ணை அமுக்குவா? போனே தன்னால அமுக்கிக்கிருச்சா?”

விக்னேஷ்வரன் பேனாவை மூடித் திறந்தார். “நீங்க சொல்றது நியாயமாத்தான் இருக்கு. வேலை நேரத்துல போன் அணைச்சு வச்சிருப்போம்னு உங்க ஆலையில ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. அந்தக் காலோட ரெக்கார்டிங்கையும் நான் சென்னையில இருந்து வரவழைக்கிறேன். வர்ற பதினெட்டாம் தேதி பாப்போம். அதுவரைக்கும் நம்பரை எடுக்கமாட்டாங்க.”

வெளியே வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கம்பெனியையே மடக்கிவிட்டேன் என்று நினைப்பு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் கேட்ட கேள்விகளை எனக்கே திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். முத்துமாரி மடியில் பையை வைத்தபடி ஒன்றுமே பேசவில்லை. என் திறமையைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே பிரஸ்ஸில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பயர் ஆபீஸ் மேனேஜரைப் பார்க்கப் போனேன். மேனேஜர் பாண்டிமுருகன் எங்கள் பிரஸ்ஸில் லேபிள் அடிக்கிறவர், என்னை நன்றாகத் தெரியும். கேட்டதும் சந்தோஷமாக லெட்டர் அடித்துக் கொடுத்தார். வேலை நேரம் முழுவதும் தொழிலாளர்களின் கைபேசிகள் அணைக்கப்பட்டுக் காவலாளியின் பொறுப்பில் இருக்கும் என்று சீல் வைத்துக் கையெழுத்துப் போட்ட லெட்டர். ‘இதை எங்க வேணாலும் காட்டும்மா, நம்ம சேப்டியைப் பத்தி நாலு பேருக்குத் தெரியட்டும்’ என்றார்.

வேலை விடுகிற நேரம் வரை கேட்டுக்கு வெளியே காத்திருந்தேன். கேட்டுக்கு எதிரே, வேலியைத் தாண்டி ரோட்டோரத்தில், தகரம் போட்ட ஒரு சின்ன கொட்டகை. அங்கேதான் காவலாளி சங்கையா உட்கார்ந்திருப்பார். சொந்தம் இல்லாவிட்டாலும் எங்கள் எல்லோருக்கும் அவர் மாமா. வேலைக்கு வருகிற பெண்களின் போனெல்லாம் மஞ்சள் பைகளில் போட்டு ஆணிகளில் தொங்கும். சங்கு ஊதியதும் பெண்கள் வந்து அவரவர் போனை வாங்கிக்கொண்டு போனார்கள். முத்துமாரியிடம் லெட்டரை நீட்டினேன். பாராட்டுவாள் என்று பார்த்தால், படிக்கப் படிக்க அவள் முகம் சுருங்கிவிட்டது.

“ஏத்தா லட்சுமி, யாரைக் கேட்டு இதை வாங்குன?”

“உனக்காகத்தான் வாங்குனேன். யாரைக் கேக்கணுமாம்?”

அவள் என்னைக் கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வைத்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. இந்தப் பெண்களின் போன்கள் அணைக்கப்படுவதே இல்லை. போன வருஷம் ஒருத்தியின் பிள்ளை மரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது சாயங்காலம் வரை அவளுக்குத் தெரியாமல் போயிற்றாம். சாயங்காலம் அவள் ரோட்டில் விழுந்து புரண்டதைப் பார்த்த சங்கையா, மறுநாளிலிருந்து போன்களை அணைக்கச் சொல்வதை விட்டுவிட்டார். மணி அடித்தால் அவரே எடுப்பார். ‘வேலையில இருக்காக, என்னன்னு சொல்லுங்க’ என்று கேட்டுக்கொள்வார். அவசரம் என்றால் போனைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு உள்ளே நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருவார். மேனேஜருக்கோ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்களுக்கோ தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். அங்கே வேலை பார்க்கிற அத்தனை பெண்களும் சேர்ந்து வாயைத் திறக்காமல் காப்பாற்றி வருகிற ரகசியம் அது.

“அப்ப அன்னைக்கு ஒண்ணை அமுக்கினது...” என்றேன்.

“மாமாகிட்ட இன்னும் கேக்கலை. கேக்க மனசு வரலை” என்றாள்.

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நாங்கள் பேசியதைக் கேட்டுச் சங்கையாவே வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நாந்தேன் தாயி அமுக்கினேன். ‘வெளிநாட்டு எண்’ அப்படின்னு ஒரு பொம்பளக் குரல் சொல்லுச்சு. ஒண்ணை அமுக்குங்கன்னுச்சு. அந்தக் காலத்துல வெளிநாட்டுல இருந்து போன் வந்தா முதல்ல ஒரு பொம்பளதான பேசும், லைன்ல இருங்க, தாரேன்னு. அது மாதிரி முத்துப்பாண்டி அந்தப் பக்கம் நிக்கான்னு நெனச்சுட்டேன். லைன் கெடைக்கலையோன்னு திரும்பத் திரும்ப அமுக்கினேன். பேசவும் பேசினேன். அவன் ஒரு வார்த்தை பேசலை.”

“எங்கிட்ட ஏன் மாமா சொல்லலை?”

“புருசன் கூப்பிட்டு, பேசாம வச்சுட்டான்னு சொன்னா நீ ஏங்கிப் போயிருவேல்ல தாயி. அதான்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “நானே வந்து அந்த ஆபீஸ்ல சொல்லிருதேன். வேலை போனாப் போகுது” என்றார்.

“போகக் கூடாது” என்றாள் முத்துமாரி. “நீங்க போயிட்டா அடுத்து வர்ற ஆளு சட்டப்படி ஆப் பண்ணி வச்சிருவான். நாளைக்கு யார் பிள்ளைக்கு என்னன்னாலும் சாயங்காலந்தேன் தெரியும். நீங்க போய் உக்காருங்க மாமா.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அவளோடு சண்டை போட்டேன். லெட்டர் பொய் என்று எனக்கும் அவளுக்கும்தானே தெரியும், அந்த ஆபீசருக்குத் தெரியுமா? நீட்டிவிட்டு வந்தால் நம்பர் பிழைத்தது. புருஷன் வந்து சேருவார்.

“ரெக்கார்டிங் வருதுல்ல. அதுல மாமா குரல் இருக்கும். லெட்டர்ல போன் ஆப்ல இருந்துச்சுன்னு இருக்கும். ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா, என்னம்மா இதுன்னு நேரா பயர் ஆபீசுக்குத்தேன் போன் போடுவாக” என்றாள்.

“அப்ப என்னதான் செய்யப்போற?”

“நடந்ததைச் சொல்லுவேன். பேரைச் சொல்லமாட்டேன்.”

பைத்தியக்காரி என்று வாய்விட்டே சொன்னேன். அவள் அதற்கும் சிரித்தாள்.

பதினெட்டாம் தேதி போனோம். லெட்டர் என் கைப்பையில்தான் இருந்தது. கடைசி நேரத்தில் அவள் மனசு மாறினால் எடுத்து நீட்டிவிடலாம் என்று ஜிப்பைக்கூடத் திறந்தே வைத்திருந்தேன்.

“லெட்டர் வாங்கியாச்சாம்மா?” என்றார் விக்னேஷ்வரன்.

“அந்த லெட்டர் வேண்டாம் சார்” என்றாள் முத்துமாரி. “என் தங்கச்சி தெரியாமச் சொல்லிட்டா. அன்னைக்கு என் போன் ஆன்லதான் இருந்துச்சு. எனக்குப் பதிலா ஒரு மனுஷன் எடுத்திருக்காரு. நான் வேலையில இருந்தா எனக்கு வர்ற போனை எடுத்து வெவரம் கேட்டு வைப்பாரு. என் வீட்டுக்காரர்தேன் கூப்புடுறாருன்னு நெனச்சு ஒண்ணை அமுக்கிட்டாரு. ரேட்டு மாத்துறது, ஒப்புதலு, ஒண்ணும் அவருக்குத் தெரியாது.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. விக்னேஷ்வரன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவர் உங்க குடும்பத்து ஆளா?” என்று கேட்டார். “ஏன் கேக்குறேன்னா, வீட்டு ஆளுன்னா அந்த ஒப்புதல் செல்லும். வெளியாளுன்னா செல்லாது. ஆனா வெளியாளுன்னு எழுதணும்னா அவர் பேரு, எங்க வேலை பாக்கிறாரு, எல்லாம் எனக்கு வேணும்.”

“வெளியாளுதேன். பேரு சொல்லமாட்டேன்.”

“பேரு இல்லாம நான் எப்படிம்மா எழுதுறது?”

“சொன்னா அவருக்கு வேலை போயிரும் சார். எங்களுக்கு நல்லது செய்யப்போயித்தேன் அவருக்கு இந்தத் தப்பு வந்துச்சு.”

“நாளன்னைக்கு இருபதாம் தேதிம்மா. நம்பர் போயிரும். அது பரவாயில்லையா?”

அவள் மூக்குத்தியைத் தொட்டுக்கொண்டாள். “அந்த நம்பர் போனா என் புருசன் எப்ப வருவாருன்னு எனக்குத் தெரியாது சார். எம்பசியில அதைத்தேன் எழுதிக் குடுத்திருக்காரு. அதுக்காக இன்னொருத்தர் சோத்துல என்னால மண்ணள்ளிப் போட முடியாது. எடுக்கிறதுன்னா எடுத்துருங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து கும்பிட்டாள். அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

நான் வாழ்க்கையில் யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை. அன்றைக்கு அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். கத்துவதைத் தைரியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே என்று இருந்தது. கைப்பையின் ஜிப்பை நானே இழுத்து மூடினேன்.

“உக்காருங்கம்மா” என்றார் விக்னேஷ்வரன். “ரெக்கார்டிங் வந்திருக்கு. நானும் இன்னும் கேக்கலை. கேட்டுட்டுப் போங்க.”

கம்ப்யூட்டரில் அந்தப் பெண் குரல் வந்தது. வணக்கம் சொன்னது. உங்கள் வெளிநாட்டு எண் தொடர்பான முக்கிய அழைப்பு, தொடர ஒன்றை அழுத்தவும் என்றது. டிக் என்று ஒரு சத்தம். வெளிநாட்டில் இருக்கும்போது உள்வரும் அழைப்புகளுக்கு என்று அது ஆரம்பிக்கும்போதே மறுபடி டிக், டிக், டிக். அதற்குப் பிறகு சங்கையாவின் குரல்.

“ஏலே முத்துப்பாண்டி! மாமா பேசுதேன்லே. அல்லோ! உம் பொண்டாட்டி உள்ள வேலையா இருக்கா. நல்லா இருக்கா, ஒண்ணும் கவலப்படாத. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சு, பள்ளிக்கூடம் போறான். நீ சாப்பிட்டியாலே?”

நன்றி, உங்கள் ஒப்புதல் பதிவு செய்யப்பட்டது என்றது பெண் குரல்.

“அது யாருலே நடுவுல? அல்லோ! முத்துப்பாண்டி! என்னலே பேசமாட்டேங்குற?” கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ரோட்டில் லோடு லாரி ஒன்று போகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சங்கையாவின் குரல் தாழ்ந்துவிட்டது. “அழுகுறியாலே? அழாத. நாங்கள்லாம் இருக்கோம்லே. அவளைப் பாத்துக்கிடுதோம். நீ சீக்கிரம் வந்து சேரு. அழாதலே, ஆம்பளப்புள்ள.”

அதோடு முடிந்தது.

முத்துமாரி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எனக்கு மூக்கும் கண்ணும் சேர்ந்து ஒழுகின. ஏசி அறையில் வேற்று ஆள் முன்னால் அழுகிறோமே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

விக்னேஷ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ரெக்கார்டிங்கை முதலிலிருந்து போட்டு, அந்த டிக் டிக் வருகிற இடத்தில் நிறுத்தினார். மறுபடி போட்டு, மறுபடி நிறுத்தினார். போனை எடுத்து மேலே யாரிடமோ பேசினார். “ஆமா மேடம், கட்டண விவரம் சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே அழுத்தியிருக்காங்க. புது ரேட்டு என்னன்னே அவங்க காதுல விழலை. வேற யாரோ லைன்ல இருக்காங்கன்னு நெனச்சுப் பேசியிருக்காங்க. இதை எப்படி ஒப்புதல்னு எடுத்துக்கிறது? யார் அழுத்தினாங்கங்கிறது இங்க தேவையே இல்லை மேடம்.” அந்தப் பக்கம் நெடுநேரம் என்னவோ சொன்னார்கள். “நான் கையெழுத்துப் போடுறேன் மேடம். என் பொறுப்பு” என்று சொல்லி வைத்தார்.

எங்கள் பக்கம் திரும்பினார். “பழைய திட்டமே வருஷம் முடியுற வரைக்கும் ஓடும்மா. புது ரேட்டுல போட்ட பில்லை எடுத்துடுறோம். இன்னும் அரைமணி நேரத்துல கால் போகும். யார் அழுத்தினாங்கன்னு எழுத வேண்டியதில்லை.” அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பெனி எப்படியோ போகட்டும். அந்தப் பையனைப் பெற்றவர்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று நான் மனசார நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் சிவகாசி பஸ்ஸுக்கு நின்றோம். முத்துமாரி போனைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிடுவதற்குப் பயந்துகொண்டு நின்றாள். “போடுக்கா” என்று நான்தான் விரட்டினேன். போட்டாள். பஸ் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரை வைத்தாள். மணி அடித்தது.

“யாரு, மாரியா? ஏட்டி, நம்பர் வேலை செய்யுது!” முத்துப்பாண்டியின் குரல் அத்தனை கூட்டத்திலும் தெளிவாகக் கேட்டது. “எப்படிச் சரியாச்சு?”

“சரி பண்ணிட்டோம்ங்க. நானும் லட்சுமியும் ஆபீசுக்குப் போனோம். ஒப்புதல்னு ஒண்ணை அமுக்கிட்டதாலதேன் ரேட்டை மாத்துனாகளாம்.”

“அமுக்கினாகளா? யாரு அமுக்கினது?”

முத்துமாரி என்னைப் பார்த்தாள். “நாந்தேன். தெரியாம அமுக்கிட்டேன்.”

அவ்வளவுதான். மனுஷன் பிடித்துக்கொண்டார். “அறிவு இருக்கா உனக்கு? என்னன்னு கேக்காம அமுக்குவியா? இங்கன ஒருத்தன் இந்த நம்பரையே நம்பிக் கெடக்கான், அங்கன நீ விளையாடிக்கிட்டு இருக்கியா? எத்தனை நாளா நான் பைத்தியம் மாதிரி...” என்று பொரிந்து தள்ளினார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் போனைப் பிடுங்கி, நடந்தது என்ன என்று மச்சானுக்கு நன்றாக உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லலாம் என்று கையை நீட்டினேன். முத்துமாரி என் கையைத் தட்டிவிட்டாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டு, அவர் திட்டுவதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சரி சரி, வையி. எம்பசியில இருந்து கூப்புட்டாலும் கூப்புடுவாக. லைனைப் பிடிச்சுக்கிட்டு நிக்காத” என்றார்.

“ஆமாங்க” என்று உடனே வைத்துவிட்டாள்.

எனக்கு மனசே ஆறவில்லை. “நாள்கணக்கா அலைஞ்சு, லீவு போட்டு, இன்னொருத்தர் பழியை உன் தலையில ஏத்துக்கிட்டு நிக்கிற. அதுக்கு இந்தப் பேச்சா? நீயும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமக் கேட்டுக்கிட்டு இருந்தியேக்கா” என்று பொருமினேன்.

“லைன் சும்மா இருக்கணும்ல” என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனைப் பைக்குள் வைத்தாள். “மிச்ச வசவை நேர்ல வந்து வையட்டும்.”